பிள்ளைங்க படிப்பு: கொருக்குப்பேட்டையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

வட சென்னையில், கொருக்குப்பேட்டையில் ஒன்பது வருடமாகச் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். பக்கத்து மாநகராட்சிப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் தரப்பிலும் இருக்கிறேன். ரேஷன் கடை வரிசை, குழாயடி, ஷேர் ஆட்டோ என்று எங்கே பார்த்தாலும் அதே சந்தேகங்கள். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள், கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

கார்ப்பரேஷன் ஸ்கூல்ல போட்டா புள்ள உருப்படுமா அக்கா?

உருப்பட்ட பிள்ளைகளும் உண்டு, எட்டாவது வரை போய்ப் பேர் எழுதத் தடுமாறும் பிள்ளைகளும் உண்டு. பத்தாயிரக்கணக்கில் பணம் வாங்கும் மெட்ரிக் பள்ளிகளிலும் இதே இரண்டு வகையையும் பார்த்திருக்கிறேன். அதனால் பள்ளியின் பெயர்ப்பலகையை வைத்து என்னால் பதில் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் சொல்லலாம். அரசு, மாநகராட்சிப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர் ஆசிரியர் பயிற்சி முடித்தவர். நம் தெருமுனைச் சின்ன மெட்ரிக்கில் போன வருடம் ப்ளஸ் டூ முடித்த பெண்ணே டீச்சராக நிற்பதுண்டு. சம்பளம் கட்டுப்படியாகாமல் அவள் தீபாவளிக்குப் பிறகு வர மாட்டாள். ஒரே வருடத்தில் மூன்று மிஸ் மாறிய வகுப்பில் எந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? மாநகராட்சிப் பள்ளியின் சிக்கல் வேறு மாதிரி. இருக்கிற டீச்சரை வாக்காளர் பட்டியல், பயிற்சி, கணக்கெடுப்பு என்று அடிக்கடி வெளியே இழுத்துவிடுவார்கள்.

நல்ல ஸ்கூலுன்னு எப்டி கண்டுபுடிக்கிறது?

டைல்ஸ், சிசிடிவி, டை, ஷூ இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். நான் மூன்று விஷயம் பார்க்கச் சொல்வேன். முதலில், அந்தப் பள்ளியில் மூன்றாவது படிக்கும் ஏதாவது ஒரு பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்து, நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். எல்லாப் பக்கத்திலும் ஒரே சிவப்பு டிக் இருந்தால் டீச்சர் திருத்தவில்லை, டிக் மட்டும் போட்டிருக்கிறார். தப்பைச் சுழித்து, பக்கத்தில் சரியானதை எழுதியிருந்தால் அந்த வகுப்பில் பாடம் நடக்கிறது.

மூன்றாவது, தலைகளை எண்ணுங்கள். 2009-ல் வந்து 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், 6 முதல் 8 வரை 35-க்கு ஒருவர். பள்ளி மொத்தத்துக்கும் சராசரி போட்டுக் கணக்கு சரியாக இருக்கிறது என்பார்கள். உங்கள் பிள்ளை உட்காரப்போகும் அறையை எண்ணுங்கள்.

எந்த வயசுல சேக்கறது? மூணு வயசுல ஏ பி சி டி எழுதணுமாமே?

வேண்டாம். மூன்று வயதில் விரல் எலும்பும் தசையும் பென்சிலுக்குத் தயாராக இல்லை. அங்கன்வாடியோ எல்.கே.ஜி.யோ, அந்த வயதில் களிமண், மணல், பாட்டு, கதை போதும். தமிழ்நாட்டில் ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. அதற்குள் நான் எதிர்பார்ப்பது: தனியாகக் கழிவறை போய் வருவது, ஐந்து நிமிடம் கதை கேட்டு அதில் யார் வந்தார் என்று சொல்வது, பத்துப் புளியங்கொட்டையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவது, 'எனக்கு இது புரியல' என்று வாய் திறப்பது. கடைசியில் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டம். வீட்டில் 'சும்மா இரு' என்பதை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை வகுப்பிலும் சும்மாதான் இருக்கும்.

இங்கிலீஷ் மீடியமா, தமிழ் மீடியமா?

மாநகராட்சி, அரசுப் பள்ளிகளிலேயே 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்துவிட்டன. ஆகவே 'இங்கிலீஷுக்காக பிரைவேட்' என்ற காரணம் இப்போது பாதிதான் நிற்கும். என் எண்ணம், முதல் மூன்று வருடம் பிள்ளை பேசும் மொழியில் எழுத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு மொழியில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாவது மொழியின் எழுத்து சீக்கிரம் வரும். எதிலும் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு இரண்டுமே வெறும் கோடுகள்.

அதற்கும் ஓர் ஆனால் உண்டு. நம் பகுதியில் 'பேசும் மொழி' என்பது பாடப்புத்தகத் தமிழ் அல்ல. வீட்டில் தெலுங்கு, உருது, இந்தி, ஒடியா பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ் பேசும் பிள்ளையும் 'வந்துகினு கீறான்' என்றுதான் சொல்லும், புத்தகம் 'வந்துகொண்டிருக்கிறான்' என்கிறது. 'ஒழுங்காப் பேசு' என்று டீச்சர் ஒரு தடவை சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை அப்புறம் கை தூக்காது. 'நீ சொல்றது சரி, அதையே புத்தகத்துல இப்படி எழுதுவாங்க' என்று சொல்லும் டீச்சர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், எந்த மீடியமாக இருந்தாலும்.

பையன் புக்க கடகடன்னு படிக்கிறான். ஆனா மிஸ், அவனுக்குப் படிக்கத் தெரியலன்றாங்க. யார் சொல்றது கரெக்டு?

பெரும்பாலும் மிஸ்தான். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் ஆயா பெருமையாக என்னிடம் கூட்டி வந்தார். புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைத் தடங்கலே இல்லாமல் சொன்னான். விரல் மூன்றாவது வரியில் இருந்தது, வாய் ஐந்தாவது வரியில் இருந்தது. பக்கத்தின் நடுவில் 'குளம்' என்ற சொல்லை மட்டும் தொட்டு, இது என்னப்பா என்றேன். மேலிருந்து ஆரம்பித்து உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். அந்த இடம் வந்ததும் 'குளம்!' என்றான். ஆயாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கு இருந்தது அபார ஞாபகசக்தி. எழுத்து தெரியவில்லை.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பிள்ளை இதுவரை பார்க்காத எதையாவது நீட்டுங்கள்: மளிகைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பஸ் பலகை. 'வள்ளலார் நகர்' வாசித்துவிடலாம். 'திருவொற்றியூர்' வாசித்தால் கொம்பு, துணைக்கால், புள்ளி, வல்லின றகரம் எல்லாம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தப் பையனுக்கு 'க' தெரியும், 'கா' தெரியும், 'கொ'வில் நின்றுவிட்டான். தினம் கால் மணி நேரம், கொம்பு எழுத்துகள் மட்டும், இரண்டு மாதம். இப்போது சுவரொட்டியை எல்லாம் சத்தம் போட்டு வாசித்து மானத்தை வாங்குகிறான்.

இதற்காகத்தான் 2022-ல் அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளை வகுப்பை வைத்து அல்லாமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது. உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று டீச்சரிடம் கேளுங்கள். 'நல்லாப் படிக்கிறானா' என்று கேட்டால் 'ம், பரவாயில்ல' என்றுதான் பதில் வரும். 'இன்னும் அரும்பா, மொட்டா' என்று கேட்டால் உருப்படியான பதில் வரும்.

கொரோனா எப்பவோ முடிஞ்சுதே. இன்னும் அதையே சொல்றீங்களே?

பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடின. 1 முதல் 8 வரை திறந்தது 2021 நவம்பர் 1. 2020-ல் ஒன்றாவது சேர்ந்த பிள்ளை வகுப்பறையைப் பார்த்ததே இரண்டாவது பாதியில். வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அந்தப் பிள்ளைகள்தான் இப்போது நடுநிலை வகுப்புகளில் உட்கார்ந்து, பின்னம் புரியாமல் முழிக்கிறார்கள். அந்த ஒன்றரை வருடத்தை 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, அதாவது தன்னார்வலர்கள் சாயங்காலத்தில் வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லிக்கொடுத்த திட்டம், கொஞ்சம் ஈடுகட்டியது. மீதியை யாராவது உட்கார்ந்து செய்தாக வேண்டும்.

எட்டாவது வரைக்கும் ஃபெயிலே கெடயாதாமே, அதனாலதான படிப்பு கெட்டுப்போச்சு?

தமிழ்நாட்டில் இன்னமும் எட்டு வரை நிறுத்தி வைப்பதில்லை. 2024 டிசம்பரில் 5, 8 வகுப்புகளில் நிறுத்தி வைக்கலாம் என்று ஒன்றிய அரசு விதியை மாற்றியபோதும் மாநிலம் பழைய முறையையே தொடர்வதாகச் சொன்னது. ஃபெயில் போட்டால் படிப்பு வரும் என்று நான் நம்பவில்லை. அதே டீச்சர், அதே பாடம், இன்னொரு வருடம், கூடவே அவமானம். இரண்டு முறை ஃபெயிலான பையன் மூன்றாம் முறை வரமாட்டான், காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போய்விடுவான். கோளாறு வேறு இடத்தில்: மூன்றாவதில் வாசிக்கத் தெரியாததை எட்டாவதில்தான் கண்டுபிடிக்கிறோம். மேலே சொன்ன பஸ் பலகைச் சோதனைக்குப் பரீட்சை தேவையில்லை.

காலைல சாப்டாம போனா இன்னா, மதியம்தான் சோறு போடறாங்களே?

காலை ஒன்பதரைக்குத் தொடங்கும் முதல் இரண்டு பாடவேளையில்தான் தமிழும் கணக்கும் வைப்பார்கள். வெறும் வயிற்றில் உட்கார்ந்த பிள்ளைக்குப் பன்னிரண்டரை மணி வரை காதில் விழுவது மணிச்சத்தம் மட்டும். முந்தின நாள் ராத்திரி பரோட்டாவும், காலையில் ஒரு டீயும் பன்னும் சாப்பாடு ஆகாது.

1 முதல் 5 வரை காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. உப்புமா, பொங்கல், கிச்சடி. 'கார்ப்பரேஷன் உப்புமாவா' என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி: பள்ளியில் சோறு போடும் பழக்கமே இந்த மாநகராட்சியில்தான் பிறந்தது. நீதிக்கட்சிக் காலத்தில், 1920-ல், பிட்டி தியாகராயர் தலைமையில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஆரம்பித்தது. காமராஜர் 1956-ல் மாநிலத்துக்கு விரித்தார், எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக்கினார். ஆறாவதிலிருந்து காலை உணவு கிடையாது, பிள்ளை வேகமாக வளரும் வயதும் அதுதான். பெண் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை பள்ளியில் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் அவ்வளவாகப் புரட்டாது. சோகை பிடித்த பிள்ளையைத்தான் நாம் 'சோம்பேறி' என்கிறோம்.

போர்டுல இருக்கறத தப்பு தப்பா எழுதியாறா. கவனமே இல்ல, நாலு போடுங்க டீச்சர்.

முதலில் அவளை வாசல்படியில் நிறுத்தி எதிர்வீட்டுக் கதவு நம்பரை வாசிக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு பெண் 8-ஐ எல்லாம் 3 என்று எழுதுவாள். ஒரு வருடம் திட்டு வாங்கினாள், என்னிடமும் வாங்கினாள். ஒரு நாள் கடைசி வரிசையிலிருந்து முன்னால் உட்கார வைத்தபோது எட்டு எட்டாக வந்தது. பள்ளிக்கு வரும் கண் பரிசோதனையில் கண்ணாடி இலவசமாகவே கிடைத்தது. 'பொம்பளப் புள்ளைக்குக் கண்ணாடியா, யார் கட்டிப்பான்' என்று அம்மா மூன்று வாரம் அதை பீரோவில் வைத்திருந்தார்.

நாலு போடுவது பற்றி: கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்கிறது. நான் அடிக்க மாட்டேன். நீங்கள் அடியுங்கள் என்று கேட்பதையும் நிறுத்துங்கள்.

மாசத்துல நாலு நாள் லீவு போட்டா இன்னா ஆயிடப்போவுது?

காரணம் எனக்கும் தெரியும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் கூட்ஸ் போகும்வரை நிற்க வேண்டும், நேரமாகிவிட்டால் 'இன்னிக்கு விடு' என்று திரும்பிவிடுகிறார்கள். தண்ணி லாரி வரும் காலையில் குடம் தூக்கப் பெரிய பெண்தான் நிற்பாள். மழை பெய்தால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை முழுகும். எண்ணூர், மணலி, கொடுங்கையூர்ப் பக்கம் மூச்சிழுப்பு வந்து படுக்கும் பிள்ளைகள் தனிக் கணக்கு. 2023 டிசம்பரில் மட்டும் மிக்ஜாம் வெள்ளம், எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கசிவு, 26-ஆம் தேதி ராத்திரி அம்மோனியாக் கசிவு என்று வரிசையாக வந்தன. அந்த மாதம் எத்தனை பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போயிருக்கும்?

ஆனாலும் கணக்கு இரக்கம் பார்க்காது. மாதம் 4 நாள், பத்து மாதத்தில் 40 நாள். தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் சொல்லும் வேலைநாள் 200. ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. ஐந்தாவது முடிக்கும்போது உங்கள் பிள்ளை நாலு வருடம்தான் படித்திருக்கும். தவிர்க்க முடியாத லீவுக்கு அன்றைய நோட்டை பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாங்கி எழுதவையுங்கள். குடம் தூக்குவதை அண்ணனும் செய்யலாம்.

வீடே ஒரு ரூம்தான். டிவி ஓடும், எங்க உக்காந்து படிக்கும்?

ஏழிலிருந்து எட்டு வரை டிவியும் போனும் அணைய வேண்டும், பெரியவர்கள் போனும் சேர்த்து. அது முடியாதென்றால் மாடி, கோயில் மண்டபம், நம் பகுதி அம்பேத்கர் இரவுப்பாடசாலைகள், நூலகம். கொளத்தூர் ஜெகநாதன் தெருவில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் மாணவர்கள் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு அது சரி, ஆறு வயசுக்காரனுக்கு வீட்டில் அந்த ஒரு மணி நேரம்தான்.

ஜூன்ல ஃபீஸ் கட்ட காசு இல்ல. பழைய ஸ்கூல்ல டீசி தரமாட்டேன்றாங்க. இன்னா பண்றது?

மீனவக் குடும்பங்கள் கேட்பது இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, பள்ளி திறப்பதும் அதன் முடிவில்தான். கையில் காசே இல்லாத வாரத்தில்தான் ஃபீஸ் கேட்பார்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்கு டீசி தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. மாநகராட்சிப் பள்ளிக்கு நேராகப் போய், பிள்ளையோடு ஹெச்.எம். முன்னால் நில்லுங்கள். மறுத்தால் கல்வித்துறை உதவி எண் 14417.

தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடத்துக்கு எல்.கே.ஜி. அல்லது ஒன்றாவது சேரும்போதுதான் விண்ணப்பிக்க முடியும், நடுவில் முடியாது. அதுவும் நோட்டு, யூனிஃபார்ம், வேன் என்று வேறு பெயரில் காசு கேட்பார்கள், கணக்குப் போட்டுக்கொண்டு சேருங்கள்.

வீட்ட காலி பண்ணி பெரும்பாக்கம் அனுப்பறாங்க. பொண்ணு பத்தாவது. நடுவுல எப்டி?

பெரும்பாக்கம் என்றால் சென்னையின் தென்கோடியில், வீடு காலி செய்தவர்களைக் குடியமர்த்தும் இடம். சேர்க்கைக்கு முந்தின பதிலே. ஆனால் பத்தாவது, ப்ளஸ் டூ பிள்ளையை மார்ச் வரை இங்கேயே சொந்தக்காரர் வீட்டில் விட்டுவைக்கப் பாருங்கள். 30 கிலோமீட்டருக்கு மேல் தினம் போய்வர ஆரம்பித்த பிள்ளைகள் டிசம்பரில் நின்றுபோனதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அனுப்புகிற தேதியைப் பரீட்சைக்குப் பிறகு தள்ளச் சொல்லிக் கூட்டாக மனுக் கொடுத்தால் சில சமயம் கேட்பார்கள். தனியாகப் போனால் கேட்பதில்லை.

எங்களுக்கே படிப்பு வராது. நாங்க இன்னா பாத்து இன்னா கேக்கறது?

பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க எழுத்து தெரிய வேண்டியதில்லை. விரல் வாயோடு போகிறதா என்று பாருங்கள், அந்தப் பையன் கதை ஞாபகம் இருக்கட்டும். 'இன்னிக்கு இன்னா சொன்னாங்க, எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது.

அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக, பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் குழுவில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போன வருடங்கள் உண்டு, நான் உட்பட. ஒரு அக்கா, கைநாட்டுதான், 'பொண்ணுங்க பாத்ரூம்ல தாப்பா இல்ல, அதான் எம்பொண்ணு மாசத்துல அஞ்சு நாள் வரமாட்டா' என்று எழுந்து சொன்னார். பத்து நாளில் தாழ்ப்பாள் வந்தது. நாங்கள் படித்தவர்கள் ஸ்மார்ட் போர்டு பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

பத்தாவது ஃபெயிலு. வேலைக்கு அனுப்பிடலாமா?

சில வாரங்களிலேயே துணைத்தேர்வு வரும், அதை முதலில் எழுதட்டும். எந்தப் பாடம் போனதோ அதை மட்டும். பெரும்பாலும் கணக்கு, அல்லது ஆங்கிலம். அதுவும் வரவில்லையென்றால் எட்டாவது தேர்ச்சிக்கே சேர்க்கும் பிரிவுகள் அரசு ஐ.டி.ஐ.களில் இருக்கின்றன. 'கேரம் ஆடியே ஜெயிக்கலாம்' என்று சொல்லும் பையன்களுக்கு: 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கிய புதுவண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுநர் மகள், நமக்கெல்லாம் பெருமை. அவர் படிப்பையும் விடவில்லை.

ப்ளஸ் டூல நல்ல மார்க்கு. காலேஜ்ல போய் அழுவறா. ஏன்?

'குளம்' பையனின் கதைதான், பதினேழு வயதில். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை ஒப்பித்து 500 தாண்டிவிடலாம். கல்லூரியில் கேள்வி மாறி வரும், பாடம் ஆங்கிலத்தில் வரும். இன்னொரு காரணம் ப்ளஸ் ஒன். அந்தப் பாடத்தை நடத்தாமல் நேராக ப்ளஸ் டூ பாடத்துக்குத் தாவும் பள்ளிகளைத் தடுக்கத்தான் 2017-18-ல் பதினோராவதுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்குச் சுமை குறைந்தது நல்லது, பழைய தாவல் திரும்ப வரலாம். ப்ளஸ் ஒன் நோட்டை நீங்களே புரட்டிப் பாருங்கள்.

பணத்துக்காக நிறுத்த வேண்டாம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டம், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம், காலேஜ் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய். புதுமைப்பெண் தொடங்கியதே 2022 செப்டம்பர் 5-ல் நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான். மருத்துவத்துக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே. எட்டாவதிலேயே என்.எம்.எம்.எஸ். என்ற ஒன்றிய அரசின் உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000. வீட்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

இவ்ளோ பேசறீங்களே, உங்க பொண்ண எங்க போட்டீங்க?

இதைக் கேட்பவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். மெட்ரிக்கில் போட்டேன், எல்.கே.ஜி.யில். டை, ஷூ, வேன். இரண்டாவது வரை ஆங்கிலப் பாட்டு பத்து தெரியும், எதையும் வாசிக்கத் தெரியாது. வெளியே ஊர்ப் பிள்ளைகளைச் சோதிக்கும் நான், வீட்டில் பார்க்கவில்லை. மூன்றாவதில் மாநகராட்சிப் பள்ளிக்கு மாற்றினேன், என் மாமியார் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

இப்போது எட்டாவது. தமிழும் ஆங்கிலமும் தானாக வாசிக்கிறாள். அவள் வகுப்புக்கு ஏழாவதில் பாதி வருடம் கணக்கு டீச்சர் இல்லை, எத்தனை மனுக் கொடுத்தும் வரவில்லை. அதனால் தசமப் புள்ளி வைத்து வகுக்கச் சொன்னால் இன்னும் புள்ளியை எங்கே வைப்பது என்று என் முகத்தைப் பார்க்கிறாள். என்.எம்.எம்.எஸ். வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்க அவளையே அனுப்புகிறேன், ஒன்றே கால் கிலோ, கிலோ 340, சில்லறை எவ்வளவு வரணும் என்று சொல்லிவிட்டுப் போ என்று. போன வாரம் பத்து ரூபாய் குறைவாக வாங்கி வந்தாள்.